ஆணிப்புளி விட்டம்

“என் பிள்ளையைக் கொன்னது யாரு?”

உலகம்மாள் கேட்டது இவ்வளவுதான். வந்ததும் கேட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கொம்பையா ஆசான் ஒரு மரக்குதிரையின் வயிற்றுக்கடியில் படுத்திருந்தார். வெளியே வரவில்லை.

“ராட்டினம்” என்றார்.

“ராட்டினம் கொல்லுமா?”

“விட்டம் ஒடிஞ்சா கொல்லும்.”

“விட்டம் தானா ஒடியுமா?”

“ஒடியாது.”

“அப்ப ஒடிய விட்டவன் பேரைச் சொல்லுங்க. ஒரே ஒரு பேரு. வாங்கிட்டுப் போயிருதேன்.”

ஆசான் வெளியே வந்தார். தலையெல்லாம் மரத்தூள். அவளைப் பார்த்தார். முந்தானை நுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முடிச்சு இருந்தது. அதையும் பார்த்தார்.

“அதுல என்ன?”

“என் மகன் குழிமேல அள்ளின மண்ணு.”

எதற்கு என்று ஆசான் கேட்கவில்லை. வயிறெரிந்தவள் மண்ணை வாரித் தூற்றினால் அது விழுந்த ஆள் விளங்கமாட்டான், அவன் குடும்பமும் விளங்காது. அந்தப் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உலகம்மாள் அந்த மண்ணை முடிந்துகொண்டு ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தாள்.

ஆசான் ஒரு சுரண்டியையும் ஒரு கட்டு உப்புத்தாளையும் அவள் முன்னால் வைத்தார்.

“சுரண்டு.”

“நான் வேலை கேட்டு வரலை.”

“தெரியும். பேரு பெயிண்டுக்கு அடியில இருக்கு.”

ஆசானிடம் மரவேலைக்கு வருகிறவர்கள் உண்டு. கேள்வியோடு வருகிறவர்களும் உண்டு. புருஷன் ஏன் ஓடிப்போனான், சாமி ஏன் வாயைத் திறக்கவில்லை, சாவு எப்போது வரும். எல்லோருக்கும் அவர் கொடுப்பது உப்புத்தாள்தான். பாதிப்பேர் அன்றைக்கே திட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

உலகம்மாளும் திட்டினாள்.

போகவில்லை.

*

குதிரை ராட்டினம் ஆசான் கொட்டகையில் பிரித்துக் கிடந்தது. நடுத்தூண் ஒரு பக்கம். அதிலிருந்து குடைக்கம்பி மாதிரி நீண்டிருந்த விட்டங்கள் ஒரு பக்கம். விட்டத்து நுனிகளில் தொங்கின குதிரைகள் சுவரோரமாய்ச் சாய்ந்திருந்தன.

ரொம்பப் பழசு. எவ்வளவு பழசு என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாக் கதையிலும் ஒரு வெள்ளைக்கார மில் துரை வருவான். அவன் பிள்ளைகள் பங்களாத் தோட்டத்தில் ஏறிச் சுற்றுவதற்குக் கப்பலில் வந்த ராட்டினமாம். துரை ஊரைப் பார்க்கப் போனான். இப்போது ராட்டினத்தை வைத்திருக்கிற லிங்கதுரையின் தாத்தா ஏலத்தில் எடுத்து, மாட்டுவண்டியில் ஏற்றி, எந்த ஊர் அம்மனுக்குக் கொடைத் திருவிழா என்றாலும் கொண்டுபோய் நிறுத்தினார். கறையான் தின்ற குதிரைகளுக்குப் பதிலாக நம்மூர் ஆசாரிகள் புதுசு செதுக்கினார்கள்.

அதனால் பாதிக் குதிரைகளுக்குக் கண்ணாடிக் கண், மெலிந்த மூஞ்சி. மீதிக் குதிரைகள் அய்யனார் கோயிலிலிருந்து தப்பி வந்தவை மாதிரி பல்லைக் காட்டின.

மூக்காண்டி பல்லைக் காட்டும் குதிரையில் ஏறமாட்டான். கண்ணாடிக் கண் குதிரைதான் வேண்டும்.

மூக்காண்டிதான் உலகம்மாளின் மகன். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. இவனாவது தங்கட்டும் என்று மூக்குக் குத்தி அந்தப் பேரை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். “வேற பேரு வையேம்மா” என்பான். “பெரிய வகுப்புப் போனதும் வைக்கேன்” என்பாள்.

போன கொடையில் அவளேதான் அவனைத் தூக்கிக் குதிரைமேல் வைத்தாள். சுற்றிச் சுற்றி வரும்போது அவளைக் கடக்கிற ஒவ்வொரு தடவையும் “யம்மா!” என்று கத்தினான். அவள் ஒவ்வொரு தடவையும் கை காட்டினாள்.

பிறகு விட்டம் ஒடிந்தது. குதிரையும் பையனும் ஒன்றாகப் பறந்து கோயில் கல்தூணில் மோதினார்கள்.

குதிரைக்கு ஒரு காது மட்டும்தான் உடைந்தது.

*

உலகம்மாள் நேராக ஒடிந்த விட்டத்திடம் போனாள். அது மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

“அது இல்ல” என்றார் ஆசான். “குதிரையில இருந்து ஆரம்பி.”

“குதிரை என்ன செஞ்சது?”

“விட்டம் மட்டும் என்ன செஞ்சது?”

பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தாள். எந்தக் குதிரை என்று அவர் சொல்லவில்லை. அவளாகவே காது உடைந்த குதிரையின் முன்னால் உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு வருஷமும் கொடைக் காலம் தொடங்குமுன் ராட்டினத்துக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். பழசைச் சுரண்டமாட்டார்கள். மேலேயே அடிப்பார்கள். பிள்ளைகள் கண்ணுக்குப் புதுசாய்த் தெரிந்தால் போதும். அதனால் குதிரையின்மேல் பெயிண்ட் ஒரு தோல் மாதிரி தடித்துக் கிடந்தது.

“எந்த வருஷத்துல இருக்க?” என்று ஆசான் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

“சிவப்பு.”

“அது போன கொடை.”

“எனக்குத் தெரியாதா?”

சிவப்பையும் அதற்கடியில் இருந்த சில நிறங்களையும் கோபத்தோடு உரித்தாள்.

“இப்ப?”

“பச்சை. மூக்காண்டிக்கு முதல் மொட்டை போட்ட வருஷம்.”

“இப்ப?”

“நீலம்.” சுரண்டியைக் கீழே வைத்தாள். “ரெண்டாவது பிள்ளை போன வருஷம். கொடை மேளம் கேட்டுக்கிட்டே கெடந்தேன். எங்க வீட்டுல அடுப்புப் பத்தலை.”

“இப்ப?”

“மஞ்சள். கல்யாணமாகி வந்தேன். நானும் ஏறினேன். அவுகதான் ஏத்திவிட்டாக.”

அவுக என்றால் புருஷன். கேரளாவில் கல் உடைக்கிற வேலை. மகனைப் புதைத்த கையோடு மறுபடியும் போய்விட்டார். அங்கே யாரும் அவர் முகத்தைப் பார்த்து அழமாட்டார்கள்.

“இன்னும் சுரண்டு.”

“அதுக்குக் கீழ நான் இல்லையே, ஆசான்.”

“அதான் சுரண்டச் சொல்லுதேன்.”

சுரண்டினாள். மஞ்சளுக்குக் கீழே அவளுக்குப் பேர் தெரியாத நிறமெல்லாம் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், கழுத்தைச் சுற்றி, மரம் இல்லாத ஒரு இடம் தட்டுப்பட்டது. விரலால் தடவினாள். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த பட்டி. கல்லாய் இறுகியிருந்தது.

“இந்தக் கழுத்து ஒரு தடவை ஒடிஞ்சிருக்கு.”

“ஆமா.”

“எங்க அம்மா காலத்துக்கும் முந்தி.”

“இருக்கும்.”

“அப்ப இதுமேல எந்தப் பிள்ளை இருந்துச்சு?”

“பட்டி வச்சவனுக்குத் தெரியும்.”

“அந்தப் பிள்ளையோட தாயும் மண்ணை வாரித் தூத்தியிருப்பா.”

“தூத்தியிருப்பா.”

“யார்மேல?”

ஆசான் நிமிர்ந்து ஊர்ப்பக்கம் பார்த்தார்.

“நம்மள்ல எவன் விளங்கியிருக்கான்னு பாத்தா தெரியும்” என்றார்.

உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

*

“கைத்தோல் உரிஞ்சு போச்சு. பேரு எங்க?”

“என்ன அவசரம்?”

“முடிச்சுல மண்ணு காயுது.”

“காயட்டும்.”

“காய்ஞ்சா காத்துல பறந்துரும்.”

“அப்ப பக்கத்துல நின்னு போடு.”

ஆசானின் பட்டறைப் பலகைக்கு அடியில் ஒரு தகர டப்பா இருந்தது. அவ்வப்போது அதைத் திறந்து எதையோ போட்டு மூடுவார். உள்ளே ஆணி குலுங்கும். ஆனால் வேலைக்கு ஆணி வேண்டுமென்றால் வேறு டப்பாவில்தான் எடுப்பார்.

“அந்த ஆணி என்ன, தங்கமா?” என்று கேட்டாள்.

“வளைஞ்சது” என்றார்.

*

லிங்கதுரை மொபெட்டில் வந்து இறங்கினான். தாத்தா ராட்டினம் இப்போது அவன் ராட்டினம்.

“என்ன ஆசான், கொடைக்குக் கால் நாட்டியாச்சு. ரெடியாயிருமா?”

அப்புறம்தான் சுவரோரம் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான்.

உலகம்மாள் எழுந்தாள். கை முடிச்சுக்குப் போனது.

“எக்கா…”

“நீயாடா?”

“எக்கா, சத்தியமாச் சொல்லுதேன், நான் பெயிண்டு மட்டுந்தான் அடிச்சேன்.”

“விட்டம் உன்னுது.”

“என்னுதுதான். ஆனா நான் ஆசாரி இல்லையே. பழைய விட்டம் உளுத்துப் போச்சு. மரத்தைக் கொண்டாந்து போட்டேன். அதோட என் வேலை முடிஞ்சுது. இழைச்சவரு பாத்திருக்கணுமா இல்லையா?”

“இழைச்சது யாரு?”

லிங்கதுரையின் கண் மட்டும் நகர்ந்தது.

அந்தக் கண் போன திசையில் ஆசான் உளி தீட்டிக்கொண்டிருந்தார்.

“நான்தான்” என்றார்.

கொட்டகையில் உளி தேய்கிற சத்தம் நின்றது.

“இத்தனை நாளா உங்க பக்கத்துல உக்காந்து சுரண்டிக்கிட்டு இருக்கேன்.”

“ஆமா.”

“நீங்க ஊத்தின கஞ்சியைக் குடிச்சிருக்கேன்.”

“ஆமா.”

“அன்னைக்கே சொல்லுறதுக்கு என்ன கேடு?”

“சொல்லியிருந்தா மண்ணைப் போட்டுட்டுப் போயிருப்ப.”

“அதுக்குத்தானே வந்தேன்!”

“இப்பவும் போடலாம்.”

ஆசான் தோள்துண்டை எடுத்து மடித்துக் கீழே வைத்தார். அவள் முன்னால் வந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். லிங்கதுரை நைசாகப் பின்னால் நகர்ந்தான்.

முடிச்சு அவிழ்ந்தது. மண் அவள் உள்ளங்கைக்கு வந்தது. கை மேலே போனது.

“மரத்தைத் தட்டிப் பாக்கலையா?”

“பாத்தேன். கணீர்னு இருந்துச்சு. ஒரு இடத்துல மட்டும் சத்தம் மங்குச்சு. உள்ள கணு இருக்கும்னு விட்டுட்டேன்.”

“கணு இல்லையா?”

“இல்லை.”

“பின்ன என்ன?”

ஆசான் கண்ணை இன்னும் இறுக்கி மூடினார்.

“என்ன மரம் அது?”

“புளி.”

“எந்தப் புளி?”

லிங்கதுரை குறுக்கே புகுந்தான். தப்பித்துவிடலாம் என்று நினைத்திருப்பான்.

“உங்க ஊரு சுடுகாட்டுப் பாதையில, அந்தப் பெரிய காத்துல விழுந்து கெடந்துச்சே, எக்கா. விறகுக்குக்கூட ஒருத்தரும் தொடலை. ஆணிப்புளி, ஆணிப்புளின்னு சொல்லுவாகளே. அந்த மரந்தான். தொலைஞ்சாப் போதும்னு ஊரே கைகொடுத்து வண்டியில ஏத்திவிட்டுச்சு.”

உலகம்மாளின் கை காற்றிலேயே மூடிக்கொண்டது.

ஆசான் கண்ணைத் திறந்தார். “போடு” என்றார்.

அவள் மண்ணை மறுபடியும் முந்தானையில் முடிந்தாள். யாரிடமும் சொல்லாமல் வெளியே போனாள்.

*

ஆணிப்புளிக்கு அந்தப் பேர் சும்மா வரவில்லை.

பேய் பிடித்தவள் என்று எவளைச் சொன்னாலும் அங்கேதான் கூட்டிப்போவார்கள். பேயோட்டுகிற கோடாங்கி உடுக்கடிப்பான். பிரம்பால் விளாசுவான். அவள் தலையில் ஒரு கல்லை ஏற்றி ஓடச் சொல்வான். மரத்தடியில் போய் விழுந்ததும் உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்து, ஆணியில் சுற்றி, மரத்தில் அறைவான். பேய் மரத்தோடு நின்றுவிடும். பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்படித்தான் நம்பினார்கள்.

ஆணியைச் சுற்றி மரம் வளரும். பட்டை மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது பிள்ளையும் போனபோது உலகம்மாளைப் பிள்ளைதின்னி என்றார்கள். முதலில் மாமியார் சொன்னாள். அப்புறம் தெரு சொன்னது. கடைசியில் அவளே சொன்னாள்.

அவளை யாரும் இழுத்துப்போகவில்லை. கல்லை அவளே தூக்கித் தலையில் வைத்தாள். அவளே ஓடினாள். ஆணியை அறையும்போது மற்றப் பெண்கள் அலறுவார்கள். அவள் அலறவில்லை.

“ஆழமா அடிங்க” என்றாள். “இன்னும் ஆழமா. திரும்பி வரக் கூடாது.”

கோடாங்கி தலை உள்ளே போகிறவரைக்கும் அடித்தான்.

அடுத்த கொடைக்குள் மூக்காண்டி பிறந்துவிட்டான்.

*

மறுநாள் அவள் வந்தபோது ஒடிந்த விட்டம் கொட்டகை நடுவில் கிடந்தது. சாக்கை எடுத்திருந்தார்கள்.

“வா. இதைச் சுரண்டு” என்றார் ஆசான்.

“வேண்டாம்.”

“பேரு வேணும்னு வந்தியே.”

“குதிரை இன்னும் முடியலை. காது ஒட்டணும்.”

“காதை நான் ஒட்டிக்கிடுதேன்.”

“உங்கமேல மண்ணைப் போடுதேன். நீங்கதானே இழைச்சிய. முடிஞ்சுது. நான் போறேன்.”

“நேத்துக் கண்ணை மூடிக்கிட்டு நின்னேன்.”

“இன்னைக்குப் போடுதேன்!”

“போடு.”

கை முடிச்சு வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

“உங்களுக்குத் தெரியுமா?”

“என்னது?”

“நான் அந்த மரத்துக்குப் போனது.”

“போகாத வீடு எது?” என்று ஆசான் உளியை அவளிடம் நீட்டினார்.

விட்டத்தில் பெயிண்ட் அதிகம் இல்லை. அது வந்து கொஞ்ச வருஷம்தான். சிவப்பு, அதற்குக் கீழே இன்னும் சில நிறம், அப்புறம் மரம். நடுவில் கறுப்பாய், இரும்பு மாதிரி வைரம் பாய்ந்த கட்டை. இவ்வளவு கெட்டியான மரம் எப்படி ஒடியும் என்று யாரானாலும் கேட்பார்கள்.

ஒடிந்த இடத்தில் மட்டும் மரம் கெட்டியாக இல்லை. துருக்கறை பரவி, நைந்து, பழைய புண் மாதிரி இருந்தது. உளி முனையைக் கொடுத்ததும் உதிர்ந்தது. அவள் நோண்டினாள். மெதுவாக, பல் பிடுங்குகிற மாதிரி. உளி எதிலோ இடித்தது.

குறட்டால் பிடித்து இழுத்தாள். வந்தது.

வளைந்த ஆணி. இரும்பில் பாதி கரைந்து போயிருந்தது. அதன் கழுத்தில் சுற்றியிருந்த முடி கரையவில்லை.

உலகம்மாள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். தன் கூந்தலை முன்னால் இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இப்போது அது பாதி நரை. அந்த வயதில் கறுப்பாக இருந்தது. ஆணியில் இருந்ததும் கறுப்பு. அந்த வயதில் எல்லாப் பெண்களுக்கும் கறுப்புத்தான்.

“இது என்னுதா, ஆசான்?”

ஆசான் பலகைக்கு அடியில் குனிந்து தகர டப்பாவை எடுத்தார். அவள் முன்னால் தரையில் வைத்து மூடியைத் திறந்தார்.

ஆணிகள். எல்லாம் வளைந்தவை. ஒவ்வொன்றின் கழுத்திலும் முடி.

“எங்க இருந்து எடுத்திய?”

“இதே விட்டத்துல. ஒடிஞ்ச இடத்தைச் சுத்தி.”

“இவ்வளவுமா?”

“இன்னும் உள்ள இருக்கு.”

உலகம்மாள் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தன்னுடையது எதுவென்று தேடினாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

“இதுல ஒண்ணு என் வீட்டுக்காரியோடது” என்றார் ஆசான். “அவளைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான். அடின்னு சொன்னதும் நான்தான். நானும் தேடிப் பாத்துட்டேன். எதுன்னு தெரியலை.”

வெளியே கொடைக்குப் பந்தல் போடுகிற சத்தம் கேட்டது. யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள்.

அவள் கையில் இருந்த ஆணியை டப்பாவில் போட்டாள். அது மற்றவற்றோடு கலந்துவிட்டது. முந்தானையைப் பிடித்து முடிச்சை அவிழ்த்தாள்.

“இதை நான் யார்மேல போட?”

“எவ்வளவு இருக்கு?”

உலகம்மாள் கையை விரித்துக் காட்டினாள்.

“ஒரு பிடி.”

ஆசான் டப்பாவைப் பார்த்தார்.

“பத்தாதே, தாயி.”